ஓசிப்பின் துணிவும் ஊராரின் விறகும்

கார்க்கியின் ‘பனிக்கட்டி நடை’: ஒரு திறனாய்வு

சிறுகதையின் முதல் வாக்கியத்தை விரைந்து கடந்து செல்வது வாசகரின் இயல்பு. இடம் யாது, காலம் யாது, ஆட்கள் எவர் என்று அறிந்துகொண்டதும் அவ்வாக்கியத்தின் வேலை முடிந்துவிட்டது என்று அவர் கருதுகிறார். ஆனால் கைதேர்ந்த எழுத்தாளன் முதல் வாக்கியத்தை வெறும் வாயிற்படியாக அமைப்பதில்லை. சில வேளைகளில் வீட்டின் சாவியையே அப்படியின்கீழ் வைத்துவிட்டுப் போகிறான். படியைத் தாண்டி ஓடுபவர்க்கு அச்சாவி கிடைப்பதில்லை. மாக்சிம் கார்க்கி 1912-ஆம் ஆண்டில் எழுதிய ஒரு சிறுகதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

அக்கதையின் ருஷ்யப் பெயர் ‘லெதஹோத்’. ‘லெத்’ என்பது பனிக்கட்டி. ‘ஹோத்’ என்பது நடை. ஆகவே ‘பனிக்கட்டி நடை’ என்று அதனைத் தமிழில் வழங்கலாம். குளிர்காலம் முழுதும் கல்லாய் உறைந்து கிடந்த ஆறு, இளவேனிலில் பிளந்து, பாளம் பாளமாகப் பெயர்ந்து ஓடத் தொடங்குவதற்கு ருஷ்ய மக்கள் இட்ட பெயர் அது. கார்க்கி தம் இளமைக்கால அலைச்சலை நினைந்து எழுதிய ‘ருஷ்ய நாடெங்கும்’ என்னும் கதைத் தொகுதியில் இக்கதை இடம்பெற்றுள்ளது. ‘தாய்’ நாவலின் ஆசிரியராகவே கார்க்கியை அறிந்த தமிழ் வாசகர்க்கு இக்கதை அவருடைய மற்றொரு முகத்தைக் காட்டும்.

கதை

ஒரு நகரத்திற்கு எதிரே, உறைந்த ஆற்றின்மேல், தச்சர் எழுவர் வேலை செய்கின்றனர். ஈஸ்டர் பெருநாளை ஒட்டிய நாட்கள் அவை. இளவேனில் அவ்வாண்டு பிந்திவிட்டது. பகலில் சொட்டும் நீர் இரவில் மீண்டும் உறைந்து தொங்குகிறது. தச்சர்களுக்குத் தலைவன் ஓசிப் என்னும் முதியவன். உடனிருக்கும் இளைஞன் ஒருவன் கதையைச் சொல்கிறான். அவ்விளைஞனின் கண்ணுக்கு ஓசிப் பெரிய மனிதனாகத் தோன்றவில்லை. இனிக்கப் பேசுபவன், காற்றடிக்கும் பக்கம் சாய்பவன், முழுதும் நம்பத்தகாதவன் என்றே தோன்றுகிறான்.

திடீரென ஆறு அசைகிறது. காலின்கீழ் இருந்த நிலம் நிலமன்று, நீர் என்பது அப்போதுதான் அவர்களுக்கு உறைக்கிறது. நகரம் மறுகரையில் இருக்கிறது. இடையிலோ பிளந்து நகரும் பாளங்கள். அந்த நொடியில் ஓசிப் வேறு மனிதனாகிறான். குரல் மாறுகிறது; நடை மாறுகிறது. அவன் சொற்படி மற்றவர் நடக்கின்றனர். அஞ்சி நடுங்கிய கூட்டம் அவன் பின்னே ஓர் ஒழுங்கிற்கு வருகிறது. எல்லாரையும் அவன் கரை சேர்க்கிறான்.

கரையேறியபின் நிகழ்வது கார்க்கியின் கலைத்திறனுக்குச் சான்று. காவல் அதிகாரியின் முன் ஓசிப் மீண்டும் பணிவும் தந்திரமும் கலந்த பழைய ஓசிப்பாகிவிடுகிறான். ஆற்றின்மேல் அரசனாய் நின்றவன் நிலத்தின்மேல் குடிமகனாய்க் குனிகிறான். வீரம் ஒருவனிடம் நிலையாய்க் குடியிருக்கும் பொருள் அன்று. வேண்டிய நேரத்தில் எழுந்து, வேண்டாத நேரத்தில் மறைவது என்ற உண்மையை ஆசிரியர் ஒரு சொற்பொழிவும் இன்றி உணர்த்திவிடுகிறார்.

இக்கதையைப் படிப்போர் பெரும்பாலும் இவ்வளவில் நின்றுவிடுவர். ‘சாதாரண மனிதனுக்குள் உறங்கும் தலைமை’ என்று இதன் கருத்தை ஒரு வரியில் எழுதிவிடலாம். அது தவறும் அன்று. ஆனால் அது பாதிக் கருத்தே.

தச்சர்கள் செய்த வேலை யாது?

எழுவரும் ஆற்றின்மேல் ஏன் நின்றனர் என்று வினவுவோர் சிலரே. அதற்கு விடை முதல் வாக்கியத்திலேயே உள்ளது. அவர்கள் ஒரு பனிமுறிப்பானைப் பழுதுபார்க்கின்றனர். அது பழுதுபட்டது ஆற்றினால் அன்று. ஆற்றங்கரைக் குடியிருப்பு மக்கள் குளிர்காலத்தில் அதன் மரங்களை உரித்து விறகாக எரித்துவிட்டனர். இப்போது தச்சர்கள் அவசர அவசரமாக அதனைச் செப்பனிடுகின்றனர்.

பனிமுறிப்பான் என்பது யாது? குளிர்நாடுகளில் பாலத் தூண்களுக்கும் படகுத் துறைகளுக்கும் முன்னே, நீர் வரும் பக்கமாக, ஆற்றினுள் கனத்த மரங்களை நாட்டிச் சாய்வாக ஒரு கட்டு அமைப்பார்கள். அதன் வயிற்றில் கல்லை நிரப்புவதும் உண்டு. மிதந்து வரும் பனிப்பாளம் அச்சாய்வின்மேல் ஏறும். ஏறியதும் அடியில் நீரின் தாங்கல் இன்றித் தன் எடையாலேயே முறியும். பெரிய பாளம் சிறு துண்டுகளாகி விலகிச் செல்லும். பகைவனின் வலிமையைக் கொண்டே பகைவனை வெல்லும் எளிய சூழ்ச்சி இது. ஆண்டில் சில நாட்களே இதற்கு வேலை. மற்ற நாட்களெல்லாம் அது ஆற்றில் சும்மா நிற்கும் மரக்குவியல்.

அந்தச் சில நாட்களில் அது இல்லாவிட்டால் என்ன ஆகும்? அதை அறிந்தால்தான் கார்க்கியின் முதல் வாக்கியத்தின் கனம் விளங்கும்.

ஆறு அடைபடும் முறை

மழையால் ஆறு பெருகுவதை வெப்ப நாட்டார் நன்கு அறிவர். மேலே எவ்வளவு மழை பெய்தது என்று அறிந்தால் கீழே எவ்வளவு நீர் வரும் என்று ஒருவாறு கணக்கிடலாம். பனிக்கட்டி அடைப்பால் வரும் வெள்ளம் அத்தகையது அன்று. அதற்குப் பெருமழை வேண்டியதில்லை. ஆற்றில் வழக்கமாக ஓடும் நீரே போதும். பெயர்ந்து வரும் பாளங்கள் ஒரு வளைவிலோ, தீவின் தலைப்பிலோ, பாலத்தின் தூண்களிடையிலோ, இன்னும் உடையாத பனிப்பரப்பின் விளிம்பிலோ தட்டி நிற்கும். பின்வரும் பாளங்கள் அவற்றின்மேல் ஏறும். சில அடியில் நுழையும். சிறிது நேரத்தில் ஆற்றின் குறுக்கே கரடுமுரடான ஓர் அணை உருவாகிவிடும். மனிதர் கட்டும் அணைக்கு மதகு உண்டு. இவ்வணைக்கு மதகு இல்லை. பின்னே நீர் சில மணி நேரத்திலேயே பல மீட்டர் உயரக்கூடும். அடைப்பு உடைந்தாலோ, தேங்கிய நீரும் பனிக்கட்டியும் ஒரே அலையாகக் கீழுள்ள ஊர்களின்மேல் பாயும். அடைப்பு நின்றாலும் கேடு, உடைந்தாலும் கேடு.

வடக்கு நோக்கி ஓடும் ஆறுகளில் இவ்விடர் மிகுதி. சைபீரியாவின் லேனா, யெனிசெய், ஓப் ஆகிய ஆறுகளும் கனடாவின் மெக்கென்சி ஆறும் தெற்கே பிறந்து வடக்கே கடலில் கலப்பவை. தெற்கில் இளவேனில் முதலில் வருகிறது. அங்கே உருகிய நீர் கீழே இறங்கும்போது வடக்கில் ஆறு இன்னும் உறைந்தே கிடக்கிறது. திறந்த வாயிலிலிருந்து ஓடிவரும் கூட்டம் பூட்டிய வாயிலில் மோதுவது போன்ற நிலை அது.

ஆகவே, கார்க்கியின் தச்சர்கள் செப்பனிட்டது ஒரு மரக்கட்டு மட்டுமன்று. ஆற்றில் வரும் பாளங்களுக்கும் ஆற்றில் மனிதர் கட்டிய பொருள்களுக்கும் இடையே நின்ற காவலை அவர்கள் செப்பனிட்டனர்.

கவிஞர் கண்ட பனிக்கட்டி

உடையும் ஆறு இலக்கிய ஆசிரியர்களை நெடுநாளாகக் கவர்ந்துவந்துள்ளது. டால்ஸ்டாய் 1899-இல் வெளியிட்ட ‘புத்துயிர்ப்பு’ நாவலில், நெஹ்லூதவ் காத்யூஷாவைக் கெடுக்கும் இரவில், மூடுபனிக்கு அப்பால் ஆற்றில் பனிக்கட்டி முறியும் ஓசை கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஒரு பெண்ணின் வாழ்வு உடைவதை ஆற்றின் உடைவு சொல்லாமற் சொல்கிறது. அமெரிக்க ஆசிரியை ஹாரியட் பீச்சர் ஸ்டோ 1852-இல் நூலாக வெளியிட்ட ‘டாம் மாமாவின் குடிசை’யில், அடிமைப் பெண் எலைசா தன் குழந்தையை ஏந்தி ஒஹாயோ ஆற்றின் மிதக்கும் பாளங்களின்மேல் தாவி விடுதலை தேடுகிறாள். கார்க்கியின் ‘தாய்’ நாவலைக் கொண்டு 1926-இல் புதோவ்கின் எடுத்த திரைப்படத்தில், ஆற்றின் பாளங்கள் திரண்டு ஓடுவதும் தொழிலாளர் அணிவகுத்து வருவதும் மாறிமாறிக் காட்டப்படுகின்றன. சிறையினின்று தப்பிய மகன் பாளங்களின்மேல் தாவி ஊர்வலத்தை அடைகிறான். பாலத்தின் தூண்களில் பாளங்கள் மோதுகின்றன.

இம்மூன்றிலும் பனிக்கட்டி ஒரு குறியீடு. ஒன்றில் பாவம், ஒன்றில் விடுதலை, ஒன்றில் புரட்சி. திரைப்படம் காண்பவர் பனிக்கட்டியின் பக்கமே நிற்பார். தூணின் பக்கம் நில்லார். கலைக்கு அவ்வுரிமை உண்டு. ஆனால் பாலத்தருகே குடியிருப்பவர் தூண் நிற்கவேண்டும் என்றே வேண்டிக்கொள்வார்.

‘பனிக்கட்டி நடை’ இவ்வரிசையினின்று வேறுபடும் இடம் இதுவே. இதிலும் பாளங்களின்மேல் கடத்தல் உண்டு. அச்சமும் விடுவிப்பும் உண்டு. ஆனால் ஆற்றைக் குறியீடாக ஆக்குமுன், அதனை ஆறாகவே கார்க்கி காட்டிவிடுகிறார். அதன்முன் மனிதர் செய்யவேண்டிய வேலை யாது, அவ்வேலையை யார் கெடுத்தார், யார் பிந்திச் செய்தார் என்பதைத் தொடக்கத்திலேயே பதிவுசெய்கிறார். கூலிவேலை செய்து வளர்ந்த எழுத்தாளரின் கண் அது.

வீரனுக்குச் சிலை உண்டு

இலக்கியம் மட்டுமன்று, வரலாறும் கடத்தலையே பாடுகிறது, காவலைப் பாடுவதில்லை. இதற்கு ஹங்கேரி நாட்டின் பெஸ்ட் நகரம் சான்று. புடாவும் பெஸ்ட்டும் ஒன்றாகிப் புடாபெஸ்ட் ஆவதற்கு முன், 1838 மார்ச் மாதத்தில், டான்யூப் ஆற்றில் பனிக்கட்டி அடைத்துக்கொண்டது. நகருக்குத் தெற்கே செப்பல் தீவினருகே ஆறு ஆழமற்றுப் பிரிந்து ஓடும் இடத்தில் பாளங்கள் தேங்கின. மார்ச் 13 இரவில் நீர் நகருள் புகுந்தது. பெஸ்ட்டின் வீடுகளில் பல சுடாத மண்கல்லால் கட்டப்பட்டவை. நீர் ஊறியதும் அவை கரைந்து சரிந்தன. 4,000-க்குச் சற்று மேற்பட்ட வீடுகளில் 2,000-க்கும் மேற்பட்டவை இடிந்தன. 150 பேருக்கு மேல் மாண்டனர்.

அவ்வெள்ளத்தில் மிக்லோஷ் வெஷ்ஷெலேனி என்னும் பிரபு படகேறிச் சென்று மக்களை மீட்டார். ‘வெள்ளத்துப் படகோட்டி’ என்று நாடு அவரைப் போற்றியது. கவிஞர் வொரொஷ்மர்த்தி அவரைப் பாடினார். புடாபெஸ்ட்டில் பிரான்சிஸ்கன் துறவியர் கோயிலின் சுவரில் அவர் படகில் நிற்கும் புடைப்புச் சிற்பம் இன்றும் உள்ளது. போற்றத்தக்கவரே அவர், அதில் ஐயமில்லை.

ஆனால் அதே நகரம் 1775-ஆம் ஆண்டிலும் பெருவெள்ளம் கண்டிருந்தது என்பதை எத்தனைபேர் நினைவிற்கொண்டனர்? ஆறு எங்கே ஆழமற்றது, எங்கே அடைக்கும் என்பது மறைபொருளா? ஆற்றின் போக்கைச் சீர்படுத்தவும் உயர்ந்த கற்கரைகள் கட்டவும் 1870-களில்தான் பெருமுயற்சி நடந்தது. அக்கற்கரைகளின்மேல் இன்று மக்கள் உலாவுகின்றனர். அவற்றை அடுக்கிய தொழிலாளர் எவர்க்கும் புடைப்புச் சிற்பம் இல்லை. ஒருவர் ஓர் இரவில் காத்த உயிர்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. கற்கரை ஆண்டுதோறும் காக்கும் உயிர்களோ கண்ணுக்குத் தெரிவதில்லை. ஏனெனில் அவை ஆபத்தையே காண்பதில்லை.

அவசரமும் ஆயத்தமும்

கார்க்கியின் முதல் வாக்கியத்தில் விறகை அடுத்துக் கவனிக்கவேண்டியது ‘அவசரம்’. தச்சர்கள் விரைந்து வேலை செய்கின்றனர். ஏன்? ஆறு எந்நேரமும் பெயரலாம். குளிர்காலம் எத்தனையோ மாதம் இருந்தது. மரம் உரிக்கப்பட்டது நேற்று அன்று. குளிர்காலம் நெடுகிலும் உரிக்கப்பட்டது. அப்போது எவரும் வரவில்லை. பெருநாள் வாயிலில் நிற்கையில், பனிக்கட்டி விரிசல் காணும் வேளையில், எழுவரை அனுப்புகின்றனர். ஓசிப்பின் வீரம் தேவைப்பட்டதே இத்தாமதத்தினால்தான். இலையுதிர் காலத்திலேயே அவ்வேலை முடிந்து, மரக்கட்டுக்குக் காவலும் இருந்திருக்குமானால், அந்த எழுவர் அன்று ஆற்றின்மேல் நின்றிருக்க வேண்டியதில்லை. ஆனால் நமக்குக் கதையும் கிடைத்திருக்காது. நல்ல கதை பிறக்கும் இடத்தில் பெரும்பாலும் ஒரு நிர்வாகக் குற்றம் மறைந்திருக்கிறது.

இவ்வவசரம் அக்காலத்தோடு ஒழிந்ததா? 2001 மே மாதத்தில் லேனா ஆற்றங்கரையிலுள்ள லேன்ஸ்க் நகரம் பனிக்கட்டி அடைப்பால் மூழ்கியது. ஆற்றுமட்டம் ஏறத்தாழ 20 மீட்டரை எட்டியது. அடைப்பை உடைக்க விமானங்களிலிருந்து குண்டுகள் போடப்பட்டன. ஆயினும் நகரம் தப்பவில்லை. 3,000-க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. குண்டுவீச்சு ஓசிப்பின் நடையைப் போன்றது: கடைசி நேரத்துத் துணிவு. வேறு வழி அற்றபோது அது வேண்டியதே. ஆனால் அதை நம்பி ஊர் வாழ முடியாது.

2020 ஏப்ரல் இறுதியில் கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் அத்தபாஸ்கா ஆறு ஏறத்தாழ 25 கிலோமீட்டர் நீளத்திற்கு அடைத்துக்கொண்டது. ஃபோர்ட் மெக்மர்ரி நகரின் தாழ்ந்த பகுதிகளில் நீர் புகுந்தது. கொள்ளைநோய்க் காலத்தின் நடுவே சுமார் 13,000 பேர் வீடுவிட்டு வெளியேற நேர்ந்தது. அவ்விடத்தில் ஆறு அடைக்கும் என்பது 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே குறித்துவைக்கப்பட்ட செய்தி. நகரைக் காக்கும் நிலையான கரைகளின் வேலையோ அப்போதும் முற்றுப்பெற்றிருக்கவில்லை.

இதற்கு மாறான காட்சியும் உலகில் உண்டு. கனடாவின் மானிடோபா மாநிலத்தில் ரெட் ஆறு வடக்கு நோக்கி ஓடி வின்னிப்பெக் ஏரியில் கலக்கிறது. அதன் கீழ்ப்பகுதியில் செல்கர்க் நகருக்கு வடக்கே அடைப்பு நேர்வது வழக்கம். 2006 முதல் அங்கே குளிர்காலத்தின் பிற்பகுதியில், ஆறு பெயருமுன்பே, பனிப்பரப்பில் இயந்திரத்தால் கோடுகோடாக அறுத்துவைக்கின்றனர். பின்னர் நீரிலும் பனியிலும் செல்லவல்ல கனத்த இயந்திரம் அதன்மேல் ஏறித் தன் எடையால் அதனை முறிக்கிறது. பழைய பனிமுறிப்பானில் பாளம் மரத்தின்மேல் ஏறி முறிந்தது. இங்கே இயந்திரம் பாளத்தின்மேல் ஏறி முறிக்கிறது. சூழ்ச்சி ஒன்றே, ஏறுவது மட்டும் மாறிவிட்டது. லேனா ஆற்றிலும் இன்று முன்கூட்டியே பனிப்பரப்பை அறுத்து வைக்கின்றனர். கருநிறத் தூளைத் தூவும் முறையும் அங்கே உண்டு. வெண்பனி வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். கருமை வெயிலை உண்டு விரைவில் உருகும். அலாஸ்காவில் இளவேனில்தோறும் ஆறுகளின்மேல் விமானத்தில் பறந்து, எங்கே அடைக்கிறது என்று கண்டு, கீழுள்ள ஊர்களுக்கு அறிவிக்கின்றனர்.

இவையெல்லாம் எந்நாளும் வெல்லும் என்று சொல்வதற்கில்லை. ஆறு சில ஆண்டுகளில் எல்லா ஆயத்தத்தையும் மீறும். ஆயினும் ஆயத்தம் செய்த ஊரில் ஓசிப்புகள் குறைவாகவே தேவைப்படுவர்.

விறகாக்கியோர் குற்றவாளிகளா?

பனிமுறிப்பானை உரித்த மக்களைக் கார்க்கி ஏசவில்லை. ஏழை மக்களின் வாழ்வை அறிந்தவர் அவர். குளிர் ஒவ்வோர் இரவும் வருகிறது. பனிக்கட்டி நடையோ ஆண்டிற்கு ஒருமுறை. குழந்தை நடுங்கும் வீட்டில், ஆற்றில் சும்மா நிற்கும் மரம் விறகாகத் தோன்றுவது இயல்பு. ‘நாளைய வெள்ளத்திற்காக இன்றைய நெருப்பை அணைத்துவிடு’ என்று அவ்வீட்டாரிடம் சொல்ல யாருக்கு உரிமை உண்டு? அவர்களுக்கு விறகு கொடுத்தவர்க்கே உண்டு.

பொதுக்காவலை மக்கள் சிதைக்கின்றனர் என்று அதிகாரிகள் குறை கூறுவது எல்லா நாட்டிலும் கேட்கும் பேச்சு. சிதைத்ததற்குக் காரணம் அறியாமை என்று ஓர் அறிவிப்புப் பலகையை நட்டுவிட்டுப் போவதும் வழக்கம். கார்க்கியின் வாக்கியம் அக்குறுகிய பார்வைக்கு இடங்கொடாது. குளிர்காய விறகின்மை ஒரு குற்றம்; மரக்கட்டைக் காவாமை மற்றொரு குற்றம்; கடைசி நாளில் எழுவரை ஆற்றின்மேல் ஏற்றியது மூன்றாவது குற்றம். இம்மூன்றில் ஏழையின் பங்கு மிகச் சிறியது. வெள்ளத் தடுப்பு என்பது மரமும் கல்லும் மட்டுமன்று; அதனைச் சூழ வாழ்வோர் அதனை எரிக்கவேண்டிய நிலைக்கு வாராமற் காப்பதும் அதன் பகுதியே.

ஆற்றை அறிந்தவன்

அப்படியானால் ஓசிப்பின் துணிவைக் குறைத்து மதிப்பதா? அன்று. ஓசிப் ஆற்றோடு போர் செய்யவில்லை. ஆற்றை அறிந்து நடக்கிறான். இவ்வறிவு இன்றும் மதிக்கப்படவேண்டியது. ஏனெனில் ஆற்றை முற்றும் அடக்கிவிடுவதும் எப்போதும் நன்மையாக முடிவதில்லை. கனடாவில் பீஸ் ஆறும் அத்தபாஸ்கா ஆறும் ஏரியை அடையும் இடத்தில் அகன்ற சதுப்புநிலம் ஒன்று உண்டு. அங்குள்ள உயரமான குட்டைகளுக்குச் சாதாரண ஆற்றுப்பெருக்கு எட்டாது. பனிக்கட்டி அடைப்பால் நீர் பின்னேறும்போதுதான் அவை நிறையும். 1960-களின் இறுதியில் பீஸ் ஆற்றின் மேற்பகுதியில் பெரிய அணை எழுந்தது. அதன்பின் அத்தகைய வெள்ளம் அரிதாகிக் குட்டைகள் வறண்டதைத் தலைமுறைகளாக அங்கு வாழும் பழங்குடியினர் கண்டு முறையிட்டனர். அணையின் பங்கு எவ்வளவு, தட்பவெப்ப மாற்றத்தின் பங்கு எவ்வளவு என்பதை அறிஞர்கள் ஆராய்ந்து வருகின்றனர். நகரத்திற்குக் கேடான அதே அடைப்பு சதுப்புநிலத்திற்கு உணவு. ஆகவே, எங்கே தடுப்பது, எங்கே விடுவது என்று அறிவதே மேலாண்மை. அதற்கு ஆற்றோடு பழகிய ஓசிப்புகளின் கண் வேண்டும். ஆனால் அக்கண்ணை ஆபத்து நாளில் மட்டும் பயன்படுத்துவது பேதைமை. ஆயத்த நாளில் அவர்களிடம் கேட்பதே அறிவுடைமை.

குறையும் நிறையும்

கதையின் குறை ஒன்றையும் சொல்லவேண்டும். சாவியைப் படியின்கீழ் வைத்த கார்க்கி, வாசகர் அதனைத் தேடுமாறு செய்யவில்லை. ஆறு பெயர்ந்ததும் கதை முழுதும் ஓசிப்பின் பின்னே சென்றுவிடுகிறது. இறுதியில் இளைஞனும் ஓசிப்பும் மனிதனின் உள்ளத்தைப் பற்றிப் பேசுகின்றனர். அழகிய முடிவு அது. ஆயினும் அதற்குள் பனிமுறிப்பான் வாசகரின் நினைவினின்று நழுவிவிடுகிறது. ஊர்மக்கள் மறந்ததைப் போலவே வாசகரும் மறந்துவிடுகின்றனர். இதனைக் குறை என்பதா, ஊரின் குற்றத்தில் வாசகரையும் பங்காளியாக்கும் நுட்பம் என்பதா? குறை என்பதே நேர்மை. ஒரு சிறு தொடரால் அதனை மீண்டும் நினைவூட்டியிருந்தால் கதையின் நிறை கூடியிருக்கும். ஓசிப்பின் புகழ் சிறிதும் குறைந்திராது.

வகுப்பில் இத்தகைய கதையைச் சொல்லும் ஆசிரியர் ‘ஓசிப் எத்தகைய வீரன்?’ என்று கேட்பார். மாணவர் கைகள் உடனே உயரும். அதனோடு வேறு மூன்று வினாக்களையும் கேட்கலாம். மரத்தை யார் எரித்தார்? ஏன் எரித்தார்? அதனைச் செப்பனிட எவரும் முன்பே ஏன் வரவில்லை? இவற்றிற்குக் கைகள் மெல்ல உயரும். சில உயராமலும் போகும். ஆனால் முதல் வினா நல்ல வீரர்களைப் போற்றக் கற்பிக்கும். பின்னைய மூன்றும் வீரர் தேவைப்படாத ஊரை அமைக்கக் கற்பிக்கும். இரண்டும் கல்வியே. இரண்டாவது சற்று அரிது.

உறைந்த ஆற்றைக் கண்ணாற் காணாதவர்க்கும் அதன் பாடம் எட்டும். பனிமுறிப்பான் இல்லாத ஊர் உலகில் பல உண்டு. ஆனால், ஆண்டிற்கு ஒருமுறையே உதவும் என்பதற்காக மற்ற நாட்களில் எவரும் கவனியாத ஒரு காவல் இல்லாத ஊர் ஒன்றும் இல்லை.